வின்னும் வென்றியும்: இங்கிலீஷ் 'வின்' எந்த வீட்டுப் பிள்ளை?

பாளை_பையன்
எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு செய்தி சுத்திக்கிட்டு கெடக்கு. இங்கிலீஷ்காரன் 'வின்'னு சொல்லுதது நம்ம 'வென்'றான்ல இருந்து எடுத்ததாம். கீழ 'தமிழன்னா பத்து பேருக்கு அனுப்பு'ன்னு ஒரு வால் வேற. மாமாமாரு எல்லாம் கைகூப்பி பொம்மை போட்டுட்டாவ. கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணு, அர்த்தமும் ஒண்ணு. நெசந்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டவுன்_ஆர்ச்
மாமாமாரை எதுத்துப் பேசிட்டு தீவாளிக்கு ஊர்ப்பக்கம் வந்துருவியாலே நீ?

வல்லநாட்டான்
இதுல சந்தேகம் என்ன வே. வென், வின். எகரம் இகரமாச்சு, அவ்வளவுதான். செவப்பு, சிவப்புன்னு நாமளே ரெண்டும் சொல்லுதோம்லா. கொற்கைக்கு முத்து வாங்க வந்தவன் சொல்லையும் சேத்து அள்ளிட்டுப் போயிருக்கான்.

சேரன்மாதேவி_வாத்தியார்
தமிழ்ப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். இங்கிலீஷை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

'வென்' என்று தமிழில் ஒரு பகுதியே கிடையாது. பகுதி 'வெல்'. ஏவல் வெல், எதிர்காலம் வெல்வான், எதிர்மறை வெல்லான். இதில் எங்காவது னகரம் இருக்கிறதா? இறந்த காலத்துக்கு வரும்போது மட்டும் லகரம் அடுத்து வரும் இடைநிலையோடு மோதி 'ன்ற்' என்று திரிகிறது. செல் சென்றான், கொல் கொன்றான், நில் நின்றான். அதே கணக்குத்தான் வெல் வென்றான். பெயராகும்போது வென்றி, வெற்றி இரண்டும் வரும். "வேலன்று வென்றி தருவது மன்னவன் கோலதூஉங் கோடா தெனின்" என்ற குறளை எட்டாம் வகுப்புப் பையனும் சொல்வான்.

ஆகவே கொற்கையில் இறங்கிய வணிகர், 'வெல்'லை விட்டுவிட்டு, புணர்ச்சியில் முளைத்த அந்த ஒற்றை னகரத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு கப்பலேறினார் என்று சொல்லவேண்டி வரும். எனக்கு அது ஒட்டவில்லை.

கரிசல்_மேடு
கோவில்பட்டிப் பக்கம். எங்க வீட்டுல தெலுங்கு. எங்களுக்கு ஜெயிப்புன்னா 'கெலுப்பு'. கன்னடக்காரங்களும் 'கெல்லு'ம்பாங்க. மலையாளத்துல 'வெல்லுக'. ஐயா சொல்லுத மாதிரி எல்லாத்துலயும் 'ல்'தான் நிக்கி. 'ன்' எங்கயும் இல்ல.

சீட்டு வெளையாடும்போது எங்க தாத்தா தமிழ்லயே "கெலிச்சுட்டேன்"ம்பாரு. அது எங்க பக்கத்துல இருந்து உங்க பக்கம் வந்த சொல்லு.

சேரன்மாதேவி_வாத்தியார்
ஆம். கெலித்தல் அகராதியிலேயே ஏறிவிட்டது. 'வெல்'லும் 'கெலு'வும் ஒரே திராவிட வேர் என்றே ஒப்பிலக்கணக்காரர்கள் வைக்கிறார்கள். ஒரே சொல் நேர்வழியில் வெல்லாகவும், தெலுங்கு வழியாக கெலியாகவும் நம்மிடம் இருக்கிறது.

அம்பை_ஜெர்மனி
இங்கிலீஷ் பக்கத்தை நான் எடுத்துக்கிடுதேன். படிச்சது மொழியியல். இங்க பாக்க வேலை வேற, அது கெடக்கட்டும்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல இந்தச் சொல்லு 'வின்னன்'. அப்போ அதுக்கு ஜெயிக்கதுன்னு அர்த்தமே கிடையாது. பாடுபடுதது, மல்லுக்கட்டுதது, வலியைத் தாங்குதது, இதுதான் அர்த்தம். அதுக்கு முன்னால 'யெ'ன்னு ஒரு ஒட்டு சேத்து 'யெவின்னன்'னு சொன்னா, பாடுபட்டு ஒண்ணைக் கைக்குக் கொண்டுவாரது. பொறவு அந்த ஒட்டு உதிர்ந்து போச்சு, அர்த்தம் மட்டும் வின்னோட தங்கிட்டு. ஜெர்மன்ல ஒட்டு உதிரல. இங்க இன்னைக்கும் 'கெவின்னன்'தான். லாட்டரி விழுந்தாலும் கெவின், கடையில லாபம் வந்தாலும் கெவின்.

பழைய இங்கிலீஷ்ல பேவுல்ஃப்னு ஒரு காவியம் உண்டு. அதுல அரசவையில ஒருத்தன் நாயகனைக் குத்திக் காட்டுவான்: "பிரெக்காவோட கடல்ல போட்டி போட்ட பேவுல்ஃப் நீதானா?" அந்தப் 'போட்டி போட்ட'வுக்கு அங்க நிக்க சொல்லு 'வுன்னெ', நம்ம வின்னோட பழைய இறந்த கால வடிவம். அதே மூச்சுல "நீச்சல்ல உன்னைய அவன் முந்திட்டான்"னும் சொல்லுதான். அதாவது தோத்தவனுக்கும் அன்னைக்கு வின் போட்டுப் பேசலாம்.

வென்றான்னா தோத்தவன்னு தமிழ்ல என்னைக்காவது வருமா? அர்த்தப் பொருத்தம் இங்கயே விட்டுப்போச்சு.

பாளை_பையன்
அக்கா, சும்மா கெடந்த பாடுபடுதது எப்படி ஜெயிக்கதா மாறிச்சு?

அம்பை_ஜெர்மனி
சண்டையில பாடுபட்டவன் கைக்கு ஏதாவது வரும்லா, கொள்ளையோ நெலமோ. மெதுவா கவனம் உழைப்புல இருந்து கைக்கு வந்ததுக்கு நகந்துட்டு. ஆனா பழைய அர்த்தம் மூலைமுடுக்குல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. வீட்டுக்குச் சம்பாதிச்சுப் போடுதவனை இங்கிலீஷ்ல 'பிரெட்வின்னர்'ம்பான். ரொட்டியை யாரும் பந்தயத்துலயா ஜெயிக்கான்? உழைச்சுக் கொண்டாரான். சுரங்கத்துல நிலக்கரி வெட்டி எடுக்கதையும் அவங்க 'வின்'னுதான் சொல்லுவாங்க.

ஐஸ்லாந்து மொழியில இன்னும் வேடிக்கை. அங்க 'வின்னா'ன்னா வேலை பாக்கதும்தான், ஜெயிக்கதும்தான். ரெண்டுக்கும் ஒரே வினை. "நான் வேலை பாக்கேன்", "நான் ஜெயிக்கேன்" ரெண்டும் ஒரே வாக்கியம், எடத்தை வச்சுப் புரிஞ்சுக்கிடணும்.

டவுன்_ஆர்ச்
எங்க மேனேஜரை ஐஸ்லாந்துக்கு மாத்தல் பண்ணி விடுங்கப்பா.

நாசரேத்_எட்வின்
என் பேருலயே வின் இருக்கு, இதுல நான் வராட்டி எப்படி. சின்ன வயசுல எங்க சண்டே ஸ்கூல் அக்கா "எட்வின்னா வெற்றி வீரன்"னு சொல்லித் தந்தாவ. எங்க தெருவுல மட்டும் காட்வின், செல்வின், டார்வின், அஸ்வின், கெல்வின்னு ஒரு டீமே எறக்கலாம். எல்லாரும் ஜெயிக்கப் பொறந்தவங்கன்னுதான் நெனைச்சிட்டிருக்கோம்.

அக்கா முதல்ல சொன்னதுல ஒண்ணு பட்டுன்னு பிடிச்சுது. பாடுபடுதது, வலி தாங்குதது ரெண்டும் ஒரே சொல்லுன்னீங்கள்லா. எங்க கோயில்ல 'கிறிஸ்துவின் பாடுகள்'னு சொல்லுவோம். அதுவும் பாடுதான், வயல்ல படுததும் பாடுதான்.

அம்பை_ஜெர்மனி
எட்வின், நீங்க எங்க தொட்டிருக்கியன்னு பாருங்க. நாலாம் நூற்றாண்டுல உல்ஃபிலாங்க பிஷப் பைபிளை காத்திக் மொழிக்கு மாத்துனாரு. ஜெர்மானிய மொழியில நீளமா எழுதிவச்சதுல ரொம்பப் பழசு அதுதான். அந்த காத்திக்ல 'வின்னன்'னா துன்பப்படுதது. 'பாடுகள்'னு தமிழ் பைபிள்காரங்க எழுதுத எடத்துல அவரு வின்னனைத்தான் எடுத்தாளுதாரு.

இப்போ உங்க டீம். எட்வின், காட்வின், டார்வின் மூணுலயும் உள்ள வின் வெற்றி இல்ல. பழைய இங்கிலீஷ்ல 'வினெ'ன்னா நண்பன். எட் அப்படிங்கது செல்வம். ஆக எட்வின் 'செல்வ நண்பன்'. டார்வின் 'தேயோர்வினெ', அதாவது 'அன்பு நண்பன்'. நாங்க ஸ்கூல்ல பரிணாமம் படிச்ச டார்வினும் அந்தக் குடும்பப் பேருதான்.

கெல்வின் ஸ்காட்லாந்துல ஒரு ஆத்தோட பேரு. கிளாஸ்கோல ஓடுது. அந்த விஞ்ஞானிக்கு பிரபு பட்டம் குடுக்கும்போது அந்த ஆத்துப் பேரை எடுத்துக்கிட்டாரு. அஸ்வின் சம்ஸ்கிருதம். அதை அஸ்-வின்னு வெட்டப்பிடாது, அஸ்வ்-இன்னு வெட்டணும். குதிரை உள்ளவன்னு அர்த்தம். ரெண்டு பேரையும் டீமை விட்டு வெளிய அனுப்பிருங்க.

நாசரேத்_எட்வின்
செல்வ நண்பன். பேங்க்ல லோன் கெடக்கு, நண்பன் மட்டும் உண்டு. விக்டர், வின்சென்ட் மாமாவாவது உள்ள நிப்பாவளா?

அம்பை_ஜெர்மனி
அவங்க உண்மையான வெற்றிக்காரங்க, ஆனா வேற வீடு. லத்தீன்ல 'வின்க்கெரெ'ன்னா ஜெயிக்கது. அதுல இருந்துதான் விக்டர், விக்டோரியா, வின்சென்ட் எல்லாம். நாம தெனமும் சொல்லுத 'கன்வின்ஸ் பண்ணு'கூட அதுதான், பேச்சுல ஒருத்தனை ஜெயிக்கது. இங்கிலீஷ் வின்னுக்கும் இதுக்கும் ரத்த உறவு கிடையாது. லத்தீன் வின்க்கெரெயோட வேரு சண்டைங்கத அர்த்தத்துல ஜெர்மானியப் பேருகள்ல 'விக்'னு வரும். லுட்விக்ல இருக்கு. லுட்விக் பிரெஞ்சுல தேஞ்சு லூயி ஆச்சு. ஆக உங்க ஊர் லூயிஸும் விக்டரும் பங்காளி, எட்வின் பங்காளி இல்ல.

வல்லநாட்டான்
வின்க்கெரென்னு லத்தீன், வின்னுன்னு இங்கிலீஷ், வென்றான்னு தமிழ். மூணுலயும் வகரமும் னகரமும் நிக்கி. மூணும் வேற வேறங்கியளே, இது என்ன நியாயம்? சரி, அந்த இங்கிலீஷ் வின்னுக்கு வேர் என்னன்னு மொதல்ல சொல்லுங்க.

அம்பை_ஜெர்மனி
இங்கிலீஷ், லத்தீன், சம்ஸ்கிருதம் எல்லாத்துக்கும் தாயான இந்தோ ஐரோப்பிய மூல மொழின்னு ஒண்ணை ஆராய்ச்சிக்காரங்க ஊகிச்சு மீட்டு எழுதுதாங்க. அதுல இந்த வேரு 'வென்'.

வல்லநாட்டான்
ஆங்ங்! நீங்களே சொல்லிட்டீங்க! வென்!! இனி என்னத்த பேச இருக்கு!

டவுன்_ஆர்ச்
இன்னைக்கு வல்லநாட்டுல மானெல்லாம் துள்ளிக் குதிக்கும்.

அம்பை_ஜெர்மனி
அண்ணாச்சி, துள்ளுங்க, ஆனா அதோட அர்த்தத்தையும் கேட்டுட்டுத் துள்ளுங்க. அந்த வென்னுக்கு அர்த்தம் 'விரும்பு, ஆசைப்பட்டு நாடு'. ஜெயிக்கது இல்ல. விரும்பினதுக்குப் பாடுபடுதான், பாடுபட்டதை அடையுதான், அடைஞ்சவன் ஜெயிச்சவன். இந்த வரிசையில கடைசிப் படியிலதான் இன்னைக்கு இங்கிலீஷ் வின் நிக்கி. முதல் படியில நிக்க சொந்தக்காரங்களைப் பாருங்க. ஆசைப்படுத 'விஷ்' அதே வேரு. ஜெர்மன்ல பேரின்பத்துக்கு 'வொன்ன', அதே வேரு. பழைய இங்கிலீஷ்ல 'வின்'னா மகிழ்ச்சின்னே தனியா ஒரு சொல்லு உண்டு. ரூனிக்னு ஜெர்மானியங்க கையாண்ட பழைய எழுத்துல வகரத்துக்குப் பேரே அதுதான், இன்னைக்குள்ள டபிள்யூ வாரதுக்கு முந்தி இங்கிலாந்துல அந்த எழுத்தைத்தான் எழுதினாங்க. எட்வின்ல உள்ள நண்பனும் அந்த வீட்டுப் பையன்தான். லத்தீன்ல காதல் தெய்வம் வீனஸ், அவளும்.

இப்போ உங்க மூணு னகரம். தமிழ் னகரம் எப்படி வந்துன்னு வாத்தியாரையா சொல்லிட்டாங்க, லகரம் திரிஞ்சு வந்தது. லத்தீன் வின்க்கெரெயில உள்ள னகரம் நிகழ்காலத்துக்குன்னு நடுவுல செருகினது. இறந்த காலத்துல பாத்தா 'வீக்கி', னகரத்தைக் காணோம். விக்டர்லயும் காணோம். இங்கிலீஷ் வின்ல மட்டுந்தான் னகரம் வேரோட பொறந்தது. ஒண்ணு திரிஞ்ச னகரம், ஒண்ணு செருகின னகரம், ஒண்ணு சொந்த னகரம். மூணும் இன்னைக்கு ஒரே மாதிரி கேக்கு, அவ்வளவுதான்.

சேரன்மாதேவி_வாத்தியார்
அருமை அம்மா. இதை அப்படியே வகுப்பில் சொல்லலாம்.

வல்லநாட்டான்
விடமாட்டேன். விருப்பம்னா நம்மகிட்ட 'வேண்டு' இருக்குல்லா. வேண், வென். இப்போ அர்த்தமும் பொருந்துது!

சேரன்மாதேவி_வாத்தியார்
அதிலும் அதே கதைதான். வேள் என்பதே அடி. வேட்டல், வேட்கை எல்லாம் அதிலிருந்து. ளகரம் டகரத்தோடு சேர்ந்து 'ண்ட்' ஆவது ஆள் ஆண்டான், கொள் கொண்டான் என்பதில் பார்ப்பதுதான். இங்கேயும் மூக்கொலி பின்னால் வந்தது.

வல்லநாட்டான்
கால்டுவெல் ஐயரே தமிழ்ச் சொல்லையும் ஐரோப்பியச் சொல்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்காரே. இடையன்குடியில உக்காந்து எழுதினது பொய்யா?

சேரன்மாதேவி_வாத்தியார்
பார்த்தார். 1856இல் வந்த அவர் ஒப்பிலக்கணத்தில் அப்படிப்பட்ட சொற்பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் பல பின்னால் நிற்கவில்லை. நின்றது எது? தமிழும் தெலுங்கும் கன்னடமும் தமக்குள் ஒரு குடும்பம், சம்ஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல என்று அவர் நாட்டியது நின்றது. அதற்கு அவர் கையாண்டது ஒற்றைச் சொல்லின் சாயலை அல்ல. எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வேற்றுமை உருபு, வினை விகுதி என்று இலக்கணத்தையே வரிசையாக அடுக்கி ஒப்பிட்டார். நம் கரிசல் தம்பி கெலுப்பையும் வெல்லுகவையும் கொண்டுவந்து வைத்தாரே, அந்த வழி.

பாளை_பையன்
அப்போ தமிழுக்கும் வின்னுக்கும் சம்பந்தமே இல்லன்னு குரூப்ல போட்டுரவா? மாமா வையப் போறாவ.

அம்பை_ஜெர்மனி
பொறு பொறு. சம்பந்தம் உண்டு, நீங்க தேடுத எடத்துல இல்ல.

சம்ஸ்கிருதமும் இங்கிலீஷும் ஒரே குடும்பம். அந்த 'வென்' வேரு சம்ஸ்கிருதத்துல 'வன்'னு இருக்கு. ரிக் வேதத்துல அதுக்கு விரும்புதது, அடையுதது, ஜெயிக்கது மூணு அர்த்தமும் உண்டு. அதுல இருந்து வந்தது 'வனிதா', விரும்பப்பட்டவள். தமிழ்ல வனிதை. அதே வேருல ஒரு ஒட்டு சேந்து வந்தது 'வாஞ்சா', ஆசை. இங்கிலீஷ் 'விஷ்' கட்டினதும் அதே ஒட்டை வச்சுத்தான், அதனால இதுங்க ரெண்டும் ரொம்பவே நெருக்கம். அந்த வாஞ்சா தமிழுக்கு வந்து வாஞ்சையா நிக்கி.

எங்க ஆச்சி "பிள்ளை மேல ஒரு வாஞ்சை வேண்டாமா"ம்பா. அந்த வாஞ்சைதான் இங்கிலீஷ் வின்னுக்கு நம்ம ஊர்ல உள்ள சொந்தம். கடன் வாங்கின சொல்லு வழியா வந்த சொந்தம், இருந்தாலும் சொந்தம்.

நாசரேத்_எட்வின்
வாஞ்சையா! எங்க பைபிள்ல "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல"ன்னு 42ஆம் சங்கீதம். அந்த வாஞ்சித்தும் என் பேருல உள்ள வின்னும் ஒரே வேரா?

அம்பை_ஜெர்மனி
ஒரே வேரு. உங்க சண்டே ஸ்கூல் அக்காகிட்ட சொல்லுங்க.

கரிசல்_மேடு
அப்போ வாஞ்சி மணியாச்சின்னு ஸ்டேஷன் பேருல உள்ள வாஞ்சி?

சேரன்மாதேவி_வாத்தியார்
செங்கோட்டை வாஞ்சியின் பெயர் அது. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை அவர் சுட்டது மணியாச்சி சந்திப்பில். வாஞ்சிநாதன் என்பது திருவாரூர்ப் பக்கம் ஸ்ரீவாஞ்சியத்துச் சிவனின் பெயர். திருமால் திருமகளை வாஞ்சித்துத் தவமிருந்த தலம் என்று தலபுராணம் பெயர்க்காரணம் சொல்கிறது. தலபுராணம் சொல்வதை அப்படியே மொழியியல் ஆக்கிவிட வேண்டாம், ஆனால் அந்தப் புராணம் கட்டியவர் மனதில் நின்றது வாஞ்சைதான்.

டவுன்_ஆர்ச்
ரயில்ல மணியாச்சியைத் தாண்டும்போதெல்லாம் இனி இதே நெனப்பா வரும். ஜெயம் எங்க போச்சு? ஊர்ல பாதி பேரு ஜெயராஜ், ஜெயசீலன், விஜயா.

அம்பை_ஜெர்மனி
ஜெயம் 'ஜி'ங்கத வேரு. அது தனி வீடு. விஜய், விக்டர் ரெண்டும் 'வி'யில ஆரம்பிக்குன்னு முடிச்சுப் போடாதீங்க. விஜய்ல 'வி' முன்னொட்டு, ஜயந்தான் சொல்லு. நாம விஜயம் செய்தார்னு வந்து போனதுக்குச் சொல்லுதோம், அது இன்னொரு கூத்து.

கிரேக்கத்துல வெற்றி 'நிக்கே'. எட்வினுக்காகச் சொல்லுதேன்: நிக்கொதேமு, ஐனிக்கேயாள், பெர்னீக்கேயாள், தெசலோனிக்கேயர், எல்லாத்துலயும் அந்த நிக்கேதான். தெசலோனிக்கே, அலெக்சாந்தரோட தங்கச்சி பேரு, அப்பா ஒண்ணு, அம்மா வேற. அவ புருஷன் ஊரு கட்டி அவ பேரை வச்சான்.

நாசரேத்_எட்வின்
இத்தனை வருஷம் நிருபம் வாசிச்சும் இதை ஒருத்தரும் சொல்லலையே.

சேரன்மாதேவி_வாத்தியார்
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வின்னுக்கு முதலில் உழைப்பு என்ற பொருள் இருந்தது என்று அம்மா சொன்னபோது எனக்குத் தொல்காப்பியத்து வாகைத்திணை நினைவுக்கு வந்தது. வெற்றிக்கு வாகைப்பூ சூடுவார்கள், அது எல்லாருக்கும் தெரியும். தூத்துக்குடி விமானம் இறங்குகிற வாகைக்குளத்துக்குப் பெயரே அந்த மரம். ஆனால் தொல்காப்பியர் வாகையைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. "தாவில் கொள்கைத் தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்" என்கிறார். அவரவர் தொழிலில் அவரவர் மிஞ்சி நிற்பதும் வாகை. பின்னாலேயே "ஏரோர் களவழி" என்று உழவர் களத்தையும் சேர்த்து எண்ணுகிறார். இது வேர் உறவு இல்லை. கருத்து அதே தடத்தில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

வல்லநாட்டான்
ஐயா, இது போதும். தொல்காப்பியரு இங்கிலீஷ்காரனுக்கு முந்தியே யோசிச்சுட்டாருன்னு நான் குரூப்ல போட்டுக்கிடுதேன்.

டவுன்_ஆர்ச்
திருந்த மாட்டாரு.

கரிசல்_மேடு
அக்கா, கடைசியா ஒண்ணு. வீனஸ் அந்த வீடுன்னீங்க. இங்கிலீஷ்ல பாம்பு வெஷத்தை வெனம்ங்கான். வெனம், வெஷம். இது ரெண்டும் ஒண்ணா இருக்குமோ?

அம்பை_ஜெர்மனி
வெனம் வீனஸ் வீடுதான். லத்தீன்ல 'வெனேனும்'. முதல்ல வசிய மருந்து, ஒருத்தரை மயக்கி விரும்பவைக்கக் குடுக்கது. பொறவு குடிச்சவன் பொழைக்காத மருந்துக்கும் அதே பேராயிட்டு. நம்ம விஷம் சம்ஸ்கிருத 'விஷ'. அதோட லத்தீன் உடன்பிறப்பு வெனேனும் இல்ல, 'வீருஸ்'. அதுக்கும் நஞ்சுன்னுதான் அர்த்தம்.

கரிசல்_மேடு
வீருஸ்னா, வைரஸா?

அம்பை_ஜெர்மனி
அதேதான்.